ஒரே பொம்பளைக்கு ரெண்டு தொண்டை

ஆரணியில ஸ்வர்ணலதா கொரலு உழாத காது எதுனா கீதுன்னா, அது கோயில் செலையோட காதாத்தான் இருக்கணும். அதுக்கும் உழுந்துதான் இருக்கும். சாமி பெரிய மனசு பண்ணி வெளிய சொல்லல, அவ்ளோதான். அவ பஸ் ஸ்டாண்டாண்ட நின்னு தும்முனா, களம்பூர் ரைஸ் மில்லுல சங்கு ஊதிட்டாங்கன்னு நெனச்சிகினு ஆளுங்க டிபன் பாக்ஸத் தூக்கிகினு வூட்டுக்குக் கெளம்பிடுவாங்க.

பொறந்தது பெரணமல்லூர் பக்கம். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டுட்டா. கல்யாணம் கட்டிகினு ஆரணி வந்து, பவர்லூம் கொட்டாயில வேலைக்கு நின்னா. அங்க தறிங்க எல்லாம் ஒண்ணா ஓடுச்சின்னா, பக்கத்துல நிக்கிறவன் பேசறது பாதாளத்துலேருந்து பேசற மாதிரி கேக்கும். அந்த சத்தத்து தலைமேல ஏறி நின்னு "நூலு அறுந்துச்சிபா!"ன்னு கத்திக் கத்தியே அவ தொண்ட வெண்கலமா ஆயிடுச்சி. கடைசில மொதலாளியே கையெடுத்துக் கும்புட்டாரு. "யம்மா, தறி சத்தத்தக் கூட தாங்கிக்கறேன். நீ வெளிய போயி பேசிக்க."

வெளிய வந்தா. வூட்டுக்காரு துரை ஆட்டோ ஓட்டிகினு இருந்தாரு. ஆட்டோ மேல ரெண்டு கொழா ஸ்பீக்கரக் கட்டி, பின் சீட்டுல மைக்கப் புடிச்சிகினு குந்திட்டா. "வாங்கம்மா வாங்க! ஆடித் தள்ளுபடி! சொம்மா பாத்துகினு நிக்காதீங்க, பட்டுப்பொடவய எடுத்துகினு போங்க!" அவ்ளோதான். அவ போன தெருவுல பொம்பளைங்க அடுப்புல பாலு பொங்கறதக் கூட பாக்காம ஓடியாந்தாங்க. பட்டுக்கடக்காரங்க நா முந்தி நீ முந்தின்னு அவளத் தேடிகினு வந்தாங்க.

அந்தக் கொரலக் கேட்டுத்தான் இளஞ்செழியன் ஆள் அனுப்புனாரு. அவரு நம்ம ஊருல லோக்கல் கேபிள் சேனல் நடத்தறவரு. மாடியில ஒரு ரூமு, ஒரு கம்ப்யூட்டரு, எதிரொலி வராம இருக்க செவுரு பூரா முட்டை அட்டை. அதுக்குப் பேரு ஸ்டூடியோ. உள்ள போனா மனுசன் தான் ஒரு முட்டையோன்னு சந்தேகப்படுவான்.

இளஞ்செழியனோட மச்சான் பாண்டிச்சேரில கீறாரு, பிரெஞ்சு படிச்சவரு. அவரு வழியா ஒரு பழைய பிரெஞ்சு துப்பறியும் தொடர் கெடச்சிச்சி. கருப்பு வெள்ளப் படம். நம்ம அப்பாருங்க டவுசர் போட்டுகினு திரிஞ்ச காலத்துது. வாரம் ஒரு கொலை. எப்பப் பாரு மூடுபனி, எப்பப் பாரு மழ, ஒருத்தன் மூஞ்சிலயும் சிரிப்பில்ல. மச்சான் அர்த்தம் எழுதி அனுப்புவாரு. அதுக்குத் தமிழ்ல கொரலு குடுத்து சேனல்ல போட்டாங்க. ஊரே அத ரசிச்சிச்சி. அதுல வர்ற இன்ஸ்பெக்டர் பேரு யாரு வாயிலயும் நொழயல. அந்தாளு எந்நேரமும் கைக்குட்டையால மூக்கத் தொடச்சிகினே இருந்ததால, ஆரணி பூரா அவருக்குப் பேரு சளி இன்ஸ்பெக்டர்.

சளி இன்ஸ்பெக்டருக்குக் கொரலு குடுத்தவரு சிவப்பிரகாசம். பட்டுக்கடக்காரரு, மேடைப் பேச்சாளரு. மைக்கு முன்னாடி நின்னாருன்னா தொண்டையில பன்னீர் தெளிச்ச மாதிரி, "நான் வந்து கொண்டிருக்கிறேன், நீங்கள் சென்று விடாதீர்கள்"ன்னு வரும். கடையில வேலையாளு பொடவய தப்பா மடிச்சா மட்டும் பன்னீரு எங்கயோ ஓடிடும். "இன்னாடா புடுங்கிகினு கீற!"ன்னு நம்மள விட நல்லா வரும். தொரசானிங்க, சீமாட்டிங்க எல்லாருக்கும் கொரலு ஜெயப்ரியா. வெம்பாக்கத்துப் பொண்ணு, சேனல்ல நியூஸ் படிக்குது. அதுவும் மைக்குல சுத்தத் தமிழுதான்.

ஸ்வர்ணலதாவுக்குக் குடுத்தது? கதவு தொறக்கறவ. பாத்திரம் கழுவறவ. சந்துல நின்னுகினு குறி சொல்றவ. திருடன் பொண்டாட்டி. 

அவளுக்கு அது மொதல்ல பேஜாரா தெரியல. டிவில கொரலு வருதேன்னு குஷியாத்தான் இருந்தா. ஒரு நாளு கம்ப்யூட்டர்ல படத்தப் பாத்துகினு இருந்தவ, "அய்ய, இவளா!"ன்னு கத்துனா. முட்டை அட்டை ரெண்டு பேத்துகினு கீழ உழுந்துச்சி.

"இன்னாம்மா?"ன்னாரு தங்கவேலு. அவருதான் கம்ப்யூட்டர ஓட்றவரு.

"இந்த கருப்பு பொம்பள போன கதையில செத்துப் போயிட்டாங்கண்ணா! இந்தக் கதையில உக்காந்து துணி தோய்ச்சிகினு கீறாங்க!"

திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. நெசந்தான். ஊரு பூரா வெள்ளக்காரன். நாயி கூட வெள்ள நாயி. அந்த ஒரே ஒரு கருப்பு பொம்பளதான் கதைக்குக் கத மாறி மாறி வருது. ஒரு தபா வேலக்காரி. ஒரு தபா குறிகாரி. ஒரு தபா சொம்மா பொணம். யாரும் அவள பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. பாண்டிச்சேரிய வெச்சிருந்த மாதிரி பிரெஞ்சுக்காரங்க இன்னும் எத்தினியோ ஊரு புடிச்சி வெச்சிருந்தாங்கல்ல, அதுல ஏதோ ஒரு தீவுலேருந்து வந்தவளா இருக்கும்னு மச்சான் சொன்னாரு. 

"பேரு இல்லாம எப்படிண்ணா பேசறது?"ன்னு ஸ்வர்ணலதா அவளுக்கு ஒரு பேரு வெச்சா. சின்னப் பேரு இல்ல, இத்தினி நாளு பேரே இல்லாததுக்கு வட்டியோட சேத்து, அபிதகுசாம்பாள்னு திருவண்ணாமல அம்மன் பேரையே தூக்கி வெச்சிட்டா. அன்னிலேருந்து அபிதாவுக்குக் கொரலு குடுக்கறதுன்னா குளிச்சிட்டுத்தான் ஸ்டூடியோவுக்கு வருவா.

தொடரோட கடைசிப் பாகம் வந்துச்சி. ஒரு பணக்காரக் கெழவி சூப்பக் குடிச்சிட்டு செத்துப் போறா. அவ வூட்டு வேலக்காரிதான் அபிதா. இந்த தபா கத பூரா அபிதாதான். அழுவறா, மன்றாடறா, பக்கம் பக்கமா பேசறா. கடைசில சளி இன்ஸ்பெக்டர் மடக்கிடறாரு. அவளே கொன்னேன்னு ஒத்துக்கறா. வெலங்கு மாட்டி இட்டுகினு போறாங்க. முடிஞ்சிச்சி.

ஸ்வர்ணலதாவுக்குக் கால் தரையில நிக்கல. "நம்ம ஆளுக்கு வேஷம் கெடச்சிடுச்சி!"ன்னு துரைக்கு பிரியாணி ஆக்கிப் போட்டா.

அப்பால இளஞ்செழியன் எல்லாரையும் குந்த வெச்சி சொன்னாரு. "கடைசிப் பாகத்த டிவில போடப் போறதில்ல. கல்யாண மண்டபத்துல திரை கட்டி, ஜனங்க முன்னாடியே நீங்க மைக்குல நேரா பேசணும். ஊரே வரும். அபிதா பேச்ச ஜெயப்ரியா பேசட்டும்."

"சார்?"ன்னா ஸ்வர்ணலதா.

"பதறாத. உனக்கும் கீது. கொல பண்ணேன்னு ஒத்துக்கற எடம் வருது பாரு, அங்கேருந்து நீ எடுத்துக்க."

"ஒரே பொம்பளைக்கு ரெண்டு தொண்டையா சார்?"

"புரிஞ்சிக்கம்மா. அதுவரைக்கும் அவ பாவப்பட்டவன்னு ஜனம் நம்பணும். நீ வாயத் தொறந்தா மொத சீன்லயே இவதான் கொலகாரின்னு கண்டுபுடிச்சிடுவாங்க."

சிவப்பிரகாசம் டீய உறிஞ்சிகினு சிரிச்சாரு. "உண்மைதானே அம்மா. உங்கள் பேச்சு அப்படி. அந்த 'கினு' காதில் விழுந்தாலே, கையில் கத்தி வைத்திருப்பவர் போல ஒரு எண்ணம் வருகிறது. கினு பேசினால் கொலைகாரி. கேட்பவருக்கு உடனே விளங்கி விடும்."

எல்லாரும் சிரிச்சாங்க. ஜெயப்ரியா மட்டும் தலயக் குனிஞ்சிகினு துப்பட்டா நூல இழுத்துகினு இருந்துச்சி. கீழ எறங்கறப்ப படிக்கட்டுல ஸ்வர்ணலதா கையப் புடிச்சிச்சி. "அக்கா, எனக்கே கூச்சமா கீதுக்கா. எங்கம்மாவும் வூட்ல இப்படித்தான் பேசிகினு கீது."

"நீ நல்லா பேசு கண்ணு. நல்லவளா இருக்கற வரிக்கும் உன்னுது. அப்பால அக்கா பாத்துக்கறேன்."

ஸ்வர்ணலதா சிரிச்சிகினேதான் சொன்னா. ஆனா உள்ள பத்த வெச்ச அடுப்பு எரிஞ்சிகினு இருந்துச்சி. அதுல அன்னிக்கு ஆரணி ஜனத்துக்கே சோறு ஆக்கியிருக்கலாம். தன்னப் பேசுனதக் கூட அவ வுட்டுடுவா. ஆத்தா பேசுனது, அப்பன் பேசுனது, ஆரணி கடத்தெரு பூரா பேசறது, அத்தப் போயி சிவப்பிரகாசம் கொலகாரன் பாஷன்னு சொல்லிட்டாரே, அதான் தாங்கல. அந்தப் பேச்ச அவரு வாயாலயே, அதே ஜனங்க முன்னாடி, அவரு மேலயே துப்ப வெக்கணும். வேற எதுவும் அவளுக்கு வேணாம்.

மறுநாளு கோட்ட மைதானத்தாண்ட ஆட்டோவ நெழல்ல போட்டுகினு, போன்ல அந்தக் கடைசி சீனப் பாக்க ஆரம்பிச்சா. சத்தத்த அணைச்சிட்டா. வாய மட்டும் பாத்தா. துரை டீ வாங்கினு வந்தாரு, வடை வாங்கினு வந்தாரு, அவ நிமிரவே இல்ல. பாத்துகினே இருந்தவ திடீர்னு கெக்கேன்னு சிரிச்சா.

"இன்னா மே, பேய் அடிச்சிச்சா?"

"தோ பாரு. அபிதா ஒப்புக்கறேன்னு பேசிகினே போறா. இந்த சளி மூக்கன் ஒரு வார்த்த பேசல. சொம்மா தலய ஆட்றான், மூக்கத் தொடைக்கிறான், தரையப் பாக்கறான். மறுபடியும் தலய ஆட்றான்."

"அதுக்கு?"

"அவ இன்னா சொன்னாலும் தலய ஆட்டுவான்ல?"

துரை டீ கிளாச கீழ வெச்சாரு. "நீ கோவமா இருந்தா கூட நா தூங்கிடுவேன்டி. நீ சிரிச்சா நா கதவத் தாப்பா போட்டுகினு முழிச்சிகினு கெடக்கணும்."

ஒத்திகையில ஸ்வர்ணலதா மாதிரி ஒரு அடக்க ஒடுக்கமான பொம்பளய ஒலகம் பாத்திருக்காது. எழுதிக் குடுத்தத எழுத்து மாறாம பேசுனா. சிவப்பிரகாசத்துக்கு நாக்காலிய இழுத்துப் போட்டா. "சார், நா கொலகாரி மாதிரி கரெக்டா பேசறனா சார்?"ன்னு கேட்டுகினா. அவரு பூரிச்சிப் போயி, "இன்னும் கொஞ்சம் கொச்சையாகப் பேசலாம்"னாரு. "ஆவட்டும் சார். அன்னிக்குப் பாருங்க"ன்னா.

அந்த நாளு வந்துச்சி. சாயந்தரம் மண்டபத்துல உக்கார எடமில்ல. ஆரணி பாதி உள்ள, மீதி ஜன்னல்ல தொங்கிகினு. நெசவு பண்றவங்க, பட்டுக்கடக்காரங்க, புள்ளகுட்டிங்க, பெரணமல்லூர்லேருந்து வந்த ஸ்வர்ணலதா வூட்டு ஜனம் எல்லாம். மேடையில திரை. ஓரத்துல மேசை போட்டு மூணு பேரும் மைக்கோட குந்திகினு கீறாங்க. தங்கவேலு கம்ப்யூட்டர்ல.

படம் ஓடிச்சி. ஜெயப்ரியா அழகாப் பேசுச்சி. "ஐயா, நான் ஒரு பாவமும் அறியேன்"ன்னு அது அழுதப்ப முன் வரிசை பொம்பளைங்க மூக்க உறிஞ்சாங்க. சிவப்பிரகாசம் கர்ஜன பண்ணாரு. "உண்மையைச் சொல்! சூப்பில் நஞ்சைக் கலந்தது யார்?" திரையில சளி இன்ஸ்பெக்டர் வாய மூடிகினு நின்னாரு. அபிதா கண்ணத் தொடச்சிகினு நிமிந்தா. ஜெயப்ரியா மைக்க அணைச்சிச்சி. 

ஸ்வர்ணலதா மைக்கப் போட்டா.

"எம் பேரு அபிதகுசாம்பாள். இத்தினி கத ஓடிச்சே, எவனாச்சும் எம் பேரக் கேட்டீங்களாடா?"

திரையில அபிதா வாயும் சரியா அசஞ்சிச்சி. சிவப்பிரகாசம் காகிதத்தப் பொரட்டிகினு திருதிருன்னு முழிச்சாரு. அதுல அப்படி ஒரு வரி இல்ல.

"நா கொல்லல சாமி. நா சூப்ப எடுத்துகினு வந்தேன். நீங்கதான படிக்கட்டுல என்ன நிறுத்தி, மூடியத் தொறந்து பாத்தீங்க?"

திரையில இன்ஸ்பெக்டரு மெதுவா தலய ஆட்டுனாரு.

எங்கயோ ஒருத்தன் "அடப்பாவி!"ன்னான்.

"வெசத்த அந்தக் கைக்குட்டையிலதான சுத்தி எடுத்துகினு வந்தீங்க?"

இன்ஸ்பெக்டரு பாக்கெட்லேருந்து கைக்குட்டய எடுத்தாரு. மூக்கத் தொடச்சாரு. மண்டபம் வெடிச்சிச்சி. ஜன்னல்ல தொங்கிகினு இருந்தவன் ஒருத்தன் சிரிச்சி சிரிச்சி உள்ளயே உழுந்துட்டான்.

"கெழவி செத்ததும், யாரு மேல போட்லாம்னு பாத்தீங்க. வூடு பூரா வெள்ளத் தோலு. கருப்பா நா ஒருத்தி. இவ மேல போட்டா ஊரு நம்பிடும்னு போட்டீங்க. ஆமாவா இல்லயா? தரையப் பாக்காதீங்க சாமி, தோ இவங்க மூஞ்சியப் பாருங்க!"

இன்ஸ்பெக்டரு தரையப் பாத்தாரு. அப்பால நிமிந்து, நேரா ஜனங்களப் பாத்து, தலய ஆட்டுனாரு.

கைத்தட்டு மண்டபத்துக் கூரையத் தூக்கி ஆத்துப் பக்கம் போட்டுடும் போல இருந்துச்சி. இளஞ்செழியன் ஓரமா நின்னுகினு கையக் கைய ஆட்டுனாரு, யாரும் பாக்கல. சிவப்பிரகாசத்துக்கு மூஞ்சி பீட்ரூட்டா ஆயிடுச்சி. படத்துல இன்ஸ்பெக்டர் வாய தொறக்கல, அப்ப இவரும் தொறக்கக் கூடாது. பல்லக் கடிச்சிகினு இருந்தாரு. ஸ்வர்ணலதா அவரு பக்கம் திரும்பி, மைக்குல, தேனாட்டம் கேட்டா.

"இன்னா சாமி, ஒண்ணும் பேச மாட்றீங்க? வாயில இன்னா வெச்சிகினு கீறீங்க?"

அவ்ளோதான். பன்னீரு தொண்ட ஒடஞ்சிச்சி.

"இன்னாடி சொம்மா ஒளறிகினே கீற! பேப்பரப் பாத்துப் பேசுடி! மானத்த வாங்கிகினு கீறா பேமானி!"

ஸ்பீக்கர்ல மண்டபம் பூரா கேட்டுச்சி. திரையில இன்ஸ்பெக்டரு வாய மூடிகினு, மூக்கத் தொடச்சிகினு நின்னாரு.

அப்பால மூணாவது வரிசையிலேருந்து ஒருத்தரு எழுந்து, "யப்பா! இன்ஸ்பெக்டரு நம்ம ஊருபா!"ன்னாரு. 

ஸ்வர்ணலதா எழுந்து நின்னா. இந்த தபா மைக்கு கூட தேவப்படல.

"கேட்டீங்களா ஜனங்களே! கினு பேசுனா கொலகாரங்கன்னு இந்த சாரு தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. கினு பேசறவ நல்லவளா இருக்க மாட்டாளாம், அத்தொட்டு அபிதாவுக்கு ரெண்டு தொண்ட வெச்சாங்க. இப்ப இவரு எத்தினி கினு பேசுனாரு? நீங்களே சொல்லுங்க, யாரு கொலகாரன்?"

"இன்ஸ்பெக்டரு!"ன்னுச்சி மண்டபம். சிவப்பிரகாசம் நாக்காலியில அப்படியே சுருங்கிட்டாரு. பட்டுப்பொடவய மோதிரத்துல நொழைக்கற மாதிரி மடிச்சி எடுத்துகினு போயிருக்கலாம். ஸ்வர்ணலதா அவர வுட்டு கண்ண எடுக்கவே இல்ல. அந்த மூஞ்சிய சாகற வரிக்கும் நெனப்புல வெச்சிக்கணும்னு நின்னு நிதானமாப் பாத்தா.

ஆனா படம் படந்தான. கொரல மாத்தலாம், கதய மாத்த முடியுமா? திரையில போலீசுக்காரங்க உள்ள வந்தாங்க. அபிதா கையில வெலங்க மாட்டுனாங்க. வெளிய இட்டுகினு போயி வண்டியில ஏத்துனாங்க. மழ.

ஸ்வர்ணலதா சிவப்பிரகாசத்த வுட்டுட்டு திரைப் பக்கம் திரும்புனா. இவ்ளோ பேசியும் அவள இட்டுகினு போறாங்களேன்னு நின்னா. ஜனமும் கொந்தளிச்சிச்சி. "ஏய், வுடுறா அவள!" "கொலகாரன அங்க நிக்க வெச்சிகினு யாரடா இட்டுகினு போற?" செருப்பு ஒண்ணு பறந்து போயி திரையில உழுந்துச்சி. 

"யோவ் தங்கவேலு, நிறுத்துயா!"ன்னு இளஞ்செழியன் கத்துனாரு.

தங்கவேலு நிறுத்தல. படத்த வெட்டி ஒட்ற கம்ப்யூட்டரு அது, பின்னாடி ஓட்றதுக்கும் ஒரு பட்டன் கீது. அத அமுத்திட்டாரு.

மழ கீழேருந்து மேல போச்சி. வண்டி ரிவர்ஸ்ல வந்துச்சி. போலீசுக்காரங்க குண்டிய முன்ன வெச்சி அபிதாவ வூட்டுக்குள்ள இட்டுகினு வந்தாங்க. வெலங்கக் கழட்டிகினு, மரியாதையா பின்னாலயே நடந்து, கதவ மூடிகினு போயிட்டாங்க. 

மண்டபமே எழுந்து நின்னு விசில் அடிச்சிச்சி. ஸ்வர்ணலதாவும் ரெண்டு வெரல வாயில வெச்சா. அந்த விசில் சத்தத்துல மறுநாளு காலையில கூட களம்பூர்ல நாயிங்க கொலச்சிகினு இருந்துச்சின்னு சொல்றாங்க.

அடுத்த நாளுலேருந்து சிவப்பிரகாசம் கடைக்கு வர்ற பொம்பளைங்க பொடவய விரிச்சிகினே, "இன்னா இன்ஸ்பெக்டர் சார், சூப்பு குடிச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. பாவம், அவரு கைக்குட்ட வெச்சிக்கறதயே வுட்டுட்டாரு. ஸ்வர்ணலதா பாவப்படல. வெளம்பரம் பண்ண அவரு தெரு வழியாத்தான் போவணும்னு இல்ல, ஆனா அந்தத் தெரு வழியாத்தான் போனா. அவரு கட வாசல்ல ஆட்டோவ மெதுவா உட்டுகினு, சுத்தத் தமிழ்ல, "பெரியோர்களே, தாய்மார்களே, தள்ளுபடி வந்து கொண்டிருக்கிறது"ம்பா. கடைக்குள்ள வேலையாளுங்க பொடவ கட்டுக்குள்ள மூஞ்சியப் பொதச்சிகினு சிரிப்பாங்க.

சேனலுக்கு போன் மேல போன். அடுத்த தொடர் எப்ப, அந்தம்மா எப்பன்னு. இளஞ்செழியனுக்குக் கோவந்தான், ஆனா இன்னா பண்றது? ஒரு நாளு வூடு தேடிகினு வந்து ஆட்டோ மேல சாஞ்சிகினு நின்னாரு.

"இன்னொரு தொடர் வந்துகினு கீது. பெரிய கொரலு பூரா நீ எடுத்துக்கம்மா. சீமாட்டி, ராணி, எது வோணா. உன் பேச்சுலயே பேசு."

"பேசறேன். ரெண்டு விஷயம்."

"சொல்லு."

"பழைய தொடர மறுபடியும் டிவில போடறீங்கல்ல? கடைசில பேரு ஓடறப்ப அவ பேரு போடணும். அபிதாவா நடிச்சவ பேரு, நா வெச்சது இல்ல. அவ சொந்தப் பேரு."

"அதான் இல்லியேம்மா. மச்சான கேட்டேன். எல்லாரு பேரும் கீது, அவள வேலக்காரின்னுதான் போட்டு வெச்சிருக்கான்."

"அப்ப அதயே எழுதுங்க. இந்தம்மா பேரு தெரியல, தேடிகினு கீறோம்னு. பெருசா. கினுவோட."

இளஞ்செழியன் மண்டைய சொறிஞ்சாரு. எழுதறேன்னாரு. எழுதவும் செஞ்சாரு, பாத்திருப்பீங்க.

"ரெண்டாவது?"

ரெண்டாவதக் கேட்டுட்டு அவரு முழிச்ச முழி இருக்கே. ஆனா ஜனம் கேக்குதே, ஒத்துகினாரு. 

அத்தொட்டு புது தொடர்ல, கதவத் தொறந்து விடற வேலக்காரனுக்கு சிவப்பிரகாசம் கொரலு. கத பூரா அவருக்கு ஒரே வரி. "வண்டி வந்துகினு கீதும்மா." வரமாட்டேன்னுதான் நின்னாரு மனுசன். வராட்டி நீங்க மண்டபத்துல பேசுனத ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கோம், அதயே தினம் நியூசுக்கு முன்னாடி போட்டுடுவோம்னு இளஞ்செழியன் சொன்னதும், சட்டையப் போட்டுகினு வந்துட்டாரு.

முட்டை அட்ட ரூமுல மைக்கு முன்னாடி நின்னாரு. ஸ்வர்ணலதா எதுக்க நாக்காலிய இழுத்துப் போட்டுகினு, கால் மேல கால் போட்டுகினு குந்துனா.

"வண்டி வந்துகினு கீதும்மா."

"நல்லா கீது சார். ஆனா கொஞ்சம் மேடப் பேச்சாட்டம் கீது. பயந்துகினு சொல்லுங்க."

"வண்டி வந்துகினு கீதும்மா."

"இன்னும் கொஞ்சம் குனிஞ்சிகினு."

அவரு குனிஞ்சிகினு சொன்னாரு. ஜெயப்ரியா வாயப் பொத்திகினு வெளிய ஓடிச்சி. தங்கவேலு சரியா வந்துடுச்சின்னு கட்ட வெரல தூக்குனாரு. சிவப்பிரகாசம் செருப்ப மாட்ட ஓடுனாரு. ஸ்வர்ணலதா பொடவ முந்தானைய ஒதறி, சாவகாசமா ஒரு வாய் டீ குடிச்சா.

"ஜல்தி இன்னா சார்? இன்னொரு தபா."